மாமாவின் விரலும் நான் கொடுத்த லேப்டாப்பும்

மார்ச் 3, செவ்வாய்

இன்றும் கம்ப்யூட்டர் ஹெல்ப்லைன் வேலையில் அதே இரண்டு கேள்விகள். "ப்ளக் சொருகியிருக்கா மேடம்? ஒரு தடவை அணைச்சுட்டுப் போட்டீங்களா?" இந்த இரண்டை வைத்தே என் குடும்பம் ஓடுகிறது. ஓர் அம்மா, "அணைச்சா நான் டைப் பண்ணினது போயிடுமேப்பா" என்றார். போகாது என்றேன். போயிற்று. அவர் என் பெயரைக் கேட்பதற்குள் நல்லவேளையாக லைன் துண்டாகிவிட்டது.

வீட்டுக்கு வந்தால் கீழ்வீட்டில் ஒரே கலகலப்பு. மாமனாரைத் துறைமுகத்தில் மறுபடி கிரேன் ஓட்டக் கூப்பிட்டிருக்கிறார்கள்! ஓய்வு பெற்றதிலிருந்து ஜன்னலோரம் உட்கார்ந்து, தெருவில் லாரியைப் பின்னால் எடுக்கத் தெரியாதவர்களை எல்லாம் திட்டிக்கொண்டிருந்த மனிதர். இன்று முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. புது மாதிரி கிரேனாம். மேலே ஏறவேண்டாம், கீழே அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தே ஓட்டலாமாம். அதற்கான பாடங்களை அனுப்பியிருக்கிறார்கள். கம்ப்யூட்டரில் படித்துப் பார்த்துவிட்டு, வருகிறேனா இல்லையா என்று மாதம் முடிவதற்குள் சொல்லவேண்டும்.

கம்ப்யூட்டர் என்றால், நான் கொடுத்த லேப்டாப்.

"மாப்ள கொடுத்த நேரம், அதுக்கு வேலையும் வந்துடுச்சு பாருங்க" என்றார். அடக்கமாகச் சிரித்து வைத்தேன். அந்த லேப்டாப் தனிக்கதை.

மார்ச் 5, வியாழன்

தனிக்கதையை இங்கேயாவது எழுதிவைக்கிறேன். வேறு யாரிடம் சொல்ல?

அது யாரோ கழித்துக்கட்டிய சாதாரண லேப்டாப். அதில், விலை அதிகமான அந்தப் பெரிய கம்பெனி தன் மெஷினில் மட்டும்தான் ஓடும் என்று சத்தியம் செய்கிற சிஸ்டத்தை, நான் குறுக்கு வழியில் ஏற்றினேன். உலகம் பூராவும் என்னைப் போன்ற கிறுக்கர்கள் இதைச் செய்கிறார்கள். ஏறிவிட்டால் வரும் சந்தோஷம் இருக்கிறதே, மலையேறினவனுக்குக்கூட அவ்வளவு இருக்காது. மூடியில் அந்தக் கம்பெனியின் சின்னத்தை ஸ்டிக்கராக ஒட்டினேன். மாமா ஓய்வு பெற்ற அன்று கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "கம்பெனியோடதா மாப்ள?" என்றார். சபை நிறைய ஆட்கள். "கம்பெனியேதான் மாமா" என்று வாய் சொல்லிவிட்டது. வாய்தான் சொன்னது, நான் இல்லை.

அதோடு நிறுத்தியிருக்கலாம். பெரிய நிபுணன் மாதிரி, "சார்ஜரை மட்டும் எப்பவும் கழற்றாதீங்க மாமா, பேட்டரி போயிடும்" என்று ஓர் அறிவுரை வேறு. பேட்டரி ஏற்கெனவே பாதி போன பேட்டரி, அதனால் சொன்னேன். மாமா அந்த ஒயரை மேஜைக்காலோடு டேப் போட்டுச் சுற்றி வைத்துவிட்டார். மாப்பிள்ளை சொன்னால் அந்த வீட்டில் அது சட்டம்.

மார்ச் 8, ஞாயிறு

மாமாவின் குறை என்னை வந்து சேர மூன்று கை மாறவேண்டும். மாப்பிள்ளை கொடுத்த பொருளை மாப்பிள்ளையிடமே குறை சொல்வதா? மாமா அத்தையிடம் சொல்வார், அத்தை மகளிடம் சொல்வாள், மகள், அதாவது என் மனைவி, என்னிடம் சொல்வாள். வழியில் ஒவ்வொருவரும் கொஞ்சம் மரியாதை சேர்ப்பார்கள். என்னிடம் வரும்போது குறையே இருக்காது.

இன்று வந்து சேர்ந்தது இது: "ஏங்க, அப்பாவுக்கு விரல்ல ஏதோ பிரச்சனையாம்."

விசாரித்தேன். பாடத்தில் 'அடுத்து' என்ற இடத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோகிறார். தொட்டால் அது பாய்ந்து மூலைக்கு ஓடுகிறது. மறுபடி கொண்டுவந்தால் மறுபடி ஓடுகிறது. "என் விரல்தான் நடுங்குது போல" என்று அத்தையிடம் சொல்லியிருக்கிறார். டச்பேட் சரியில்லை என்ற எண்ணமே அவருக்கு வரவில்லை. வந்திருந்தாலும் அதை அங்கேயே அடக்கிவிட்டு, விரலைப் பலி கொடுத்திருப்பார்.

அது சாதாரண விரல் இல்லை. வீடு மாதிரி இருக்கிற இரும்புப் பெட்டியை லாரிமேல் சத்தம் வராமல் இறக்கிவைத்த விரல். பெட்டி உட்கார்ந்ததே தெரியாமல் லாரிக்காரன், "இன்னும் வைக்கலையா அண்ணே?" என்று கத்துவானாம். அந்தக் கதையை மாமா நூறு தடவையாவது சொல்லியிருப்பார். இன்று சாப்பிடும்போது சொல்லவில்லை. தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத் தண்ணீர் குடித்தார்.

மனைவி பிசியோதெரபிஸ்ட். கேட்கவேண்டுமா? அப்பா கையில் ஒரு ரப்பர் பந்தைத் திணித்துவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

மாமா பந்தைப் பிசைகிறார். டிவி பார்க்கும்போது, பேப்பர் படிக்கும்போது, குளியலறைக்குள்கூட. என் கழுத்தைப் பிசைவதுபோல் இருக்கிறது.

மார்ச் 13, வெள்ளி

இன்றைய தபால், அத்தை வழியாக: "உங்க மாமாவுக்கு ஞாபக மறதி வந்துடுச்சு தம்பி. லேப்டாப்பை அணைச்சுட்டேன், அணைச்சுட்டேன்னு சத்தியம் பண்றார். காலையில நான் பெருக்க வந்தா மூடி இடுக்குல வெளிச்சம் வருது."

அணைத்தால் தானாக எழுந்திருக்கிறது. டச்பேட் கோளாறு, ஷட்டவுன் கோளாறு. குறுக்கு வழியில் சிஸ்டம் ஏற்றுகிறவர்களுக்கு வரும் இரட்டைப் பிள்ளைகள். ஒன்று அழுதால் இன்னொன்றும் அழும்.

"அவர்கிட்ட சொல்லிடாதீங்க. நானே சத்தமில்லாம அணைச்சு வெச்சிடறேன். தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவார்" என்றாள் அத்தை. மாமாவின் அண்ணன் கடைசியில் சொந்த மகனையே யார் என்று கேட்டவர். இந்த வீட்டில் மறதி என்ற சொல்லை யாரும் விளையாட்டுக்குச் சொல்வதில்லை.

மார்ச் 14, சனி

"அப்டேட் போடணும் மாமா" என்று சொல்லி லேப்டாப்பை மேலே தூக்கிவந்தேன். சாயங்காலம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். அம்புக்குறி சொன்ன பேச்சைக் கேட்கிறது. அணைத்தால் அணைகிறது, அப்படியே பிணம் மாதிரி கிடக்கிறது. மறுபடி போட்டேன், மறுபடி அணைத்தேன். ஒரு குறையும் இல்லை.

அப்படியானால்... நிஜமாகவே விரல்தானா?

எழுதவே வெட்கமாக இருக்கிறது. அந்த நினைப்பு வந்ததும் எனக்கு முதலில் வந்தது வருத்தம் இல்லை, நிம்மதி. அப்பாடா, நான் இல்லை. பிறகுதான் வருத்தம் வந்தது. கொஞ்சம் தாமதமாக, மொய் எழுத வந்த தூரத்துச் சொந்தம் மாதிரி.

எதற்கும் இருக்கட்டும் என்று கிறுக்கர்கள் கூடும் இணையக் குழுவில் கேள்வி போட்டேன். உடனே ஒருவன் பதில் போட்டான்: "ஒரிஜினல் வாங்கு." ரொம்ப உபயோகம், நன்றி.

மார்ச் 17, செவ்வாய்

நரம்பு டாக்டரிடம் போனோம். கையில் ஊசி குத்தி மின்சாரம் விட்டுப் பார்த்தார்கள். மாமா பல்லைக் கடித்துக்கொண்டாராம், ஒரு சத்தம் இல்லை. வெளியே உட்கார்ந்து நான் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை மூன்று தடவை படித்தேன்.

"ஒண்ணுமே இல்லை. உங்க வயசுக்கு இது தங்கமான கை" என்றார் டாக்டர்.

நல்ல செய்திதானே? காரில் வரும்போது மாமா மெதுவாக, "ஆரம்பத்துல டெஸ்ட்ல தெரியாதாம். அண்ணனுக்கும் இப்படித்தான் சொன்னாங்க" என்றார். மனைவி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மார்ச் 18, புதன்

அத்தை அணைப்பதற்குள் ஒருநாள் காலையில் மாமாவே அந்த வெளிச்சத்தைப் பார்த்துவிட்டாராம். அதிலிருந்து சாட்சி வைத்துக்கொண்டுதான் லேப்டாப்பை அணைக்கிறாராம். "இங்க வா, பாத்துக்கோ, அணைச்சுட்டேன்" என்று அத்தையைக் கூப்பிட்டுக் காட்டுகிறார். காலையில் அது விழித்திருக்கிறது. இப்போது அத்தைக்குப் புதுச் சந்தேகம்: ராத்திரி தூக்கத்தில் எழுந்து தானே போட்டுவிட்டு வந்து படுக்கிறாரோ? "தூக்கத்துல நடக்கிற வியாதின்னு ஒண்ணு இருக்காமே தம்பி" என்கிறாள்.

டச்பேடில் ஆரம்பித்து மனிதரைத் தூக்கத்தில் நடக்கவிட்டாயிற்று. இன்னும் ஒரு வாரம் விட்டால் பேய் பிடித்திருக்கிறது என்பார்கள்.

மார்ச் 20, வெள்ளி

இன்று கீழே போனபோது மாமா பந்தை அலமாரியில் வைத்துவிட்டிருந்தார்.

"திங்கக்கிழமை போன் பண்ணி வரலைன்னு சொல்லிடப்போறேன் மாப்ள."

"ஏன் மாமா? டாக்டரே ஒண்ணுமில்லைன்னாரே!"

"மேல பெட்டி தொங்கும்போது கீழ ஒரு ஆள் நிப்பான். அவனுக்கு என் மூஞ்சி தெரியாது. என் கையை மட்டும் நம்பி நிப்பான். ஒரு சின்ன அம்புக்குறியை நேரா நிறுத்த முடியலை. பெட்டியை எப்படி நிறுத்துவேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கணக்குச் சொல்வதுபோல் சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். வெளியே ஒரு லாரி பின்னால் வந்து கம்பத்தில் இடித்தது. திட்டவில்லை.

என் பக்கத்தில் குறை இல்லை என்று கண்ணால் பார்த்தேன்தானே? பார்த்தேன். ஆனாலும், டச்பேட், ஷட்டவுன் — இரண்டும் ஒரே மனிதருக்கு ஒரே மாதத்தில் வியாதியாக வருமா? இதே கேள்வியை வேலையில் யாராவது கேட்டால், "மெஷினைப் பாருங்க சார்" என்று தூக்கத்தில்கூடச் சொல்வேனே. சொல்லிடணும். நாளைக்கே சொல்லிடணும். என்ன ஆயிடும்? மானம் போகும். போகட்டுமே.

மார்ச் 21, சனி

சொல்லிவிட்டேன். நாலு பேரும் கூடத்தில் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். "மாமா, அது கம்பெனி லேப்டாப் இல்ல. நான் குறுக்கு வழியில பண்ணினது. ஸ்டிக்கர்கூட நான் ஒட்டினதுதான். உங்க விரல்ல ஒண்ணுமில்ல, மறதியும் இல்ல. எல்லாம் அதோட வேலை."

சொல்லி முடித்ததும் இடி விழும் என்று காத்திருந்தேன்.

மாமா எழுந்து வந்தார். என் தோளில் கை வைத்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என் மனசு கஷ்டப்படக்கூடாதுன்னு பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிறீங்களே மாப்ள... எந்த மாப்பிள்ளை இப்படிச் செய்வான்?"

"இல்ல மாமா, நிஜமாவே..."

"போதும் மாப்ள. எனக்குப் புரியுது."

அத்தை முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். மனைவி என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, கல்யாணத்தன்றுகூட அப்படிப் பார்க்கவில்லை. அடப் பாவிகளா, ஒருத்தன் உண்மையைச் சொல்லவிடுங்களேன்!

"இப்பவே காட்டறேன்" என்று அவர் மேஜையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கிவந்து கூடத்து மேஜையில் வைத்தேன். தொட்டேன். வெண்ணெயில் விரல் வைத்த மாதிரி வழுக்கிக்கொண்டு போயிற்று. மூலையைத் தொட்டேன், நடுவைத் தொட்டேன், இரண்டு விரலால் தொட்டேன், கும்பிட்டேன். அணைத்தேன், அணைந்தது. அதைப் பார்த்து நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். அது எழுந்திருக்கவே இல்லை.

"பாத்தீங்களா, மாப்ள கை பட்டா ஒழுங்கா இருக்கு" என்றார் மாமா. அந்தக் குரலில் என்மேல் இருந்த பிரியத்தைக் கேட்டு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

பொய் சொன்னபோது ஒரே பேச்சில் நம்பினார்கள்.

மார்ச் 22, ஞாயிறு

காலையில் இணையக் குழுவில் ஒரு பதில் வந்திருந்தது. 'ஒட்டகம்' என்று பெயர் வைத்துக்கொண்ட யாரோ ஒருத்தர். வணக்கம் இல்லை, விளக்கம் இல்லை. ஒரே ஒரு வரி:

"சார்ஜர் சொருகியிருக்கும்போதா, கழற்றினபோதா?"

ப்ளக் சொருகியிருக்கா மேடம்? தினமும், வாரம் பூராவும், ஊரில் இருக்கிற அத்தனை பேரையும் கேட்கிறேனே! என் மாமனாரை மட்டும் கேட்கவில்லை. மேலே தூக்கிவந்தபோது சார்ஜர் கீழேயே மேஜைக்காலில் கட்டிக் கிடந்தது. நேற்று கூடத்துக்குப் பிடுங்கிவந்தபோதும் அப்படித்தான். கழற்றினால் அது நல்ல பிள்ளை. சொருகினால்தான் ஆட்டம். எப்பவும் சொருகியே வைக்கச் சொன்ன மகான் யார்?

பல்கூடத் துலக்காமல் கீழே ஓடினேன். மாமா மேஜைமுன் உட்கார்ந்திருந்தார், பாடத்தைத் திறந்து சும்மா பார்த்துக்கொண்டு. லேப்டாப்பில் சார்ஜர் சொருகியிருந்தது. நான் தொடவில்லை. நேற்று பட்ட பாடு போதும்.

"அத்தை, இங்க வாங்க. இதுல விரல் வையுங்க."

"நான் எதுக்குப்பா? எனக்கு இதெல்லாம்..."

"வையுங்க அத்தை!"

மாவுக்கையைத் துடைத்துக்கொண்டு ஒரு விரலை வைத்தாள். அம்புக்குறி துள்ளி மூலைக்குப் பாய்ந்தது. அத்தை வெடுக்கென்று கையை இழுத்துக்கொண்டாள்.

"ஐயையோ! எனக்கும் வந்துடுச்சா?"

மாடியிலிருந்து ஓடிவந்த மனைவி வைத்தாள், பாய்ந்தது. நான் வைத்தேன், பாய்ந்தது. என் வாழ்க்கையில் ஒரு ரிப்பேரைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. சார்ஜரைப் பிடுங்கினேன், அடங்கியது. சொருகினேன், துள்ளியது. "தள்ளுங்க" என்றார் மாமா. அவரே பிடுங்கினார். அவரே சொருகினார். மறுபடி பிடுங்கினார். எத்தனை தடவை என்று நாங்கள் யாரும் எண்ணவில்லை.

பிறகு சொருகி வைத்தபடியே அணைத்தார். திரை கறுத்தது. மூடியைச் சாத்தினார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் சுற்றி நின்றோம். அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது, அத்தை அசையவில்லை.

மூடி இடுக்கில் வெளிச்சம் வந்தது.

"நான் அணைச்சேன்ல?" என்றார் மாமா.

"அணைச்சீங்க மாமா."

"அப்ப தினமும் அணைச்சிருக்கேன்."

"தினமும் அணைச்சிருக்கீங்க."

அத்தை பொலபொலவென்று அழுதுவிட்டாள். "நான்தான் காலையில காலையில அணைச்சு அணைச்சு வெச்சேன். நீங்க மறந்து போறீங்கன்னு... தூக்கத்துல நடக்கிறீங்கன்னு..." மாமா அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் முன்னால் அவர் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"சார்ஜரைக் கழற்றாதீங்கன்னு சொன்னது..."

"நான்தான் மாமா."

"கம்பெனியோடது..."

"இல்ல மாமா."

மாமா மூடியைத் தன் பக்கம் திருப்பினார். ஸ்டிக்கரின் ஓரத்தில் ஆள்காட்டி விரல் நகத்தைக் கொடுத்தார். அவசரமே இல்லை. கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு நுனிகூடக் கிழியாமல், முழுசாக உரித்தெடுத்தார். உரித்ததை விரல் நுனியில் வைத்து நீட்டிப் பார்த்தார். விரல் ஆடவில்லை. அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், ஸ்டிக்கரை இல்லை.

பிறகு அதை என் சட்டைப்பையில் ஒட்டிவிட்டு, காபி கேட்டார்.

மார்ச் 23, திங்கள்

மாமா துறைமுகத்துக்குப் போன் செய்துவிட்டார். வருகிறேன் என்று. மாடிக்கே கேட்டது குரல்.

மனைவி நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை. இன்று சாயங்காலம் பேசினாள். "எங்கப்பா கையில ஊசி குத்தும்போது நீ வெளியதானே உட்கார்ந்திருந்தே?" வழக்கமாக 'நீங்க'. 'நீ' வந்தால் மழைக்கு முன் வரும் காற்று. மெஷினில் குறை இல்லை என்று அப்போது நினைத்தேன் என்றேன். "நினைச்சியா, நினைக்க ஆசைப்பட்டியா?" என்றாள். அலமாரியிலிருந்த ரப்பர் பந்தை எடுத்துவந்து என் மடியில் போட்டாள்.

பிசைகிறேன்.

மார்ச் 29, ஞாயிறு

ஒட்டகத்துக்கு நன்றி எழுதினேன். முழு வைத்தியத்தையும் அனுப்பிவிட்டார். ஒரு சின்ன ஃபைலை மாற்றினால் டச்பேட், ஷட்டவுன் இரண்டும் சரியாகிவிடுமாம். ஐந்து நிமிட வேலை. கீழே போனால் மாமா, "இருக்கட்டும் மாப்ள, அப்புறம் பாக்கலாம்" என்கிறார். நான் இனி எதையும் தொடக்கூடாது என்பதை இதைவிட மரியாதையாக யாரால் சொல்லமுடியும்?

ஏப்ரல் 16, வியாழன்

மாமா வேலைக்குப் போக ஆரம்பித்து இரண்டாவது வாரம். திரையைப் பார்த்து ஓட்டினாலும் பெட்டி உட்காரும் சத்தம் வரவில்லையாம். லாரிக்காரன் மைக்கில், "வெச்சாச்சா சார்?" என்று கேட்டானாம். முன்னே 'அண்ணே', இப்போது 'சார்'. அதில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்.

இன்று அவர் வந்தபோது நானும் கீழேதான் இருந்தேன். அத்தை பையிலிருந்து சாப்பாட்டு டப்பாவை எடுத்தாள்.

"இது நம்ம டப்பா இல்லையே? நம்மது நீலமாச்சே. இது யாரோடது?"

மாமா டப்பாவைப் பார்த்தார். சிவப்பு டப்பா. மூடியில் யாரோ பெயரைக் கீறி வைத்திருந்தார்கள். செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தவர் ஒரு கால் செருப்போடு அப்படியே நின்றார். அவர் முகத்தில் அந்தப் பழைய கலவரம், டாக்டரிடமிருந்து திரும்பும்போது காரில் பார்த்தது, வந்து நின்றது. அத்தை வாயை மூடிக்கொண்டாள். மனைவி என்னைப் பார்த்தாள்.

"லேப்டாப்தான் மாமா" என்றேன். "அது பண்ணின குழப்பம் இன்னும் தெளியலை. எல்லாம் என் தப்பு."

"ஆமா, அந்தச் சனியன்தான்!" என்றாள் அத்தை உடனே. "அதேதான்" என்றாள் மனைவியும். உண்மையைச் சொன்ன அன்று ஒருத்தரும் நம்பவில்லை. இன்று யோசிக்கக்கூட இல்லை.

மாமா இன்னொரு செருப்பையும் கழற்றினார். மேஜைப்பக்கம் போனார். லேப்டாப்பில் சார்ஜர் சொருகியிருந்தது, மூடி இடுக்கில் வெளிச்சம். அதை ஒருமுறை தட்டிக்கொடுத்தார்.

"அந்த ஃபைல் ஏதோ மாத்தணும்னீங்களே மாப்ள."

"ஆமா மாமா. ஐந்து நிமிஷம்தான். இப்பவே..."

"வேணாம். இது இப்படியே இருக்கட்டும்" என்றார் மாமா. "ஒருநாளும் சரிபண்ணிடாதீங்க."

சரி மாமா என்றேன்.